வாசகர் கேள்வி – பதில்: "வேலை தெரியும் அக்கா, இன்டர்வியூதான் தெரியல"

போன இதழில் ஒரு வாசகியின் கேள்விக்கு, "ஆட்டிசம் உள்ள பையனுக்கும் வேலை கிடைக்கும், தேடுங்கள்" என்று நாலு வரியில் பதில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன். சும்மா விடுவார்களா? இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட் என்று எல்லாப் பக்கமிருந்தும் கடிதம். "தேடுங்கள் என்று சொல்ல நீங்கள் எதற்கு அக்கா, அது எங்களுக்கே தெரியுமே" என்று ஒருவர் நேராகவே எழுதிவிட்டார். நியாயம்தான். அதனால் இந்த இதழ் முழுக்க அந்த விஷயம்தான். பாதிக் கடிதங்கள் இங்கிலீஷில் வந்தவை, தமிழில் போட்டது நான், தப்பிருந்தால் என் தப்பு. இந்தப் பிள்ளைகளோடு வேலையிடங்களுக்குப் போய் முதல் சில வாரம் கூடவே நிற்பதுதான் பல வருஷமாக என் வேலை. வக்கீலும் இல்லை, டாக்டரும் இல்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

*என் மகனுக்கு 22 வயது. மெட்ரிக் பாஸ். கம்ப்யூட்டரில் கெட்டிக்காரன். சின்ன வயதிலேயே ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூன்று இன்டர்வியூ போனான், மூன்றிலும் "பிறகு சொல்கிறோம்" என்றார்கள், சொல்லவே இல்லை. முகம் பார்த்துப் பேசமாட்டான். "ஆட்டிசம் என்று வாயைத் திறக்காதே, ஒருத்தனும் எடுக்கமாட்டான்" என்கிறார் வீட்டுக்காரர். "சொல்லிவிடு, அப்புறம் ஏமாற்றியதாகிவிடும்" என்கிறாள் என் அக்கா. யார் பேச்சைக் கேட்பது?*
— ஒரு அம்மா, சாட்ஸ்வர்த்

முதலில் மகனைக் கேளுங்கள் அம்மா. உங்கள் கடிதத்தில் வீட்டுக்காரர் இருக்கிறார், அக்கா இருக்கிறார், அவன் என்ன நினைக்கிறான் என்பது மட்டும் இல்லை. 22 வயது ஆள். சொல்வதா வேண்டாமா என்பது அவன் எடுக்க வேண்டிய முடிவு, சட்டமும் அதைத்தான் சொல்கிறது.

நம் நாட்டின் 1998 வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம், வேலையில் இருப்பவருக்கு மட்டுமில்லாமல் வேலைக்கு மனுப் போடுகிறவருக்கும் பொருந்தும். ஊனத்தைக் காரணம் காட்டி ஒதுக்கக் கூடாது. அந்தச் சட்டத்தோடு வரும் நடத்தை விதிகளை 2015-இல் திருத்தி வெளியிட்டார்கள். அதன்படி தன் நிலையை வெளியே சொல்வது அவரவர் விருப்பம், எப்போது வேண்டுமானாலும் சொல்லலாம், சொன்னதை முதலாளி ஊரெல்லாம் பரப்பக் கூடாது. ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. சொல்லாவிட்டால், பார்த்தாலே தெரிகிற தேவையாக இருந்தாலொழிய, அதற்கு வசதி செய்துகொடுக்க வேண்டிய கடமை முதலாளிக்கு வராது. ஆக, மறைத்தால் வேலை கிடைக்கலாம், கிடைத்த வேலையைக் காப்பாற்ற வேண்டியதைக் கேட்க முடியாமல் போகலாம். உங்கள் வீட்டுக்காரர் இந்த இரண்டாவது பாதியை யோசிக்கவில்லை.

என் அனுபவத்தில், சொல்வது நல்லது. ஆனால் "எனக்கு ஆட்டிசம்" என்று மொட்டையாகச் சொன்னால் எதிரே உட்கார்ந்திருப்பவர் மனதில் ஓடுவது எப்போதோ டிவியில் பார்த்த ஏதோ ஒரு காட்சிதான். அதோடு தேவையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மகன் மெயிலில் இப்படி எழுதலாம்: "எனக்கு ஆட்டிசம் உண்டு. கேள்விகளை முன்கூட்டியே எழுத்தில் அனுப்பினால் நன்றாகப் பதில் சொல்வேன். பேசும்போது உங்கள் கண்ணைப் பார்க்கமாட்டேன், ஆனால் கவனித்துக்கொண்டுதான் இருப்பேன். முடிந்தால் பேசிப் பார்ப்பதற்குப் பதில் அரை நாள் வேலை செய்து காட்ட விடுங்கள்." அவ்வளவுதான், ஐந்து வரிகூட இல்லை. பயமுறுத்தவும் இல்லை, கெஞ்சவும் இல்லை.

கடைசி வரிதான் முக்கியம். இன்டர்வியூ என்பது என்ன? முன்பின் தெரியாத ஆளோடு அரை மணி நேரம் சிரித்துப் பேசும் பரீட்சை. டேட்டா கேப்சர் (கம்ப்யூட்டரில் விவரம் ஏற்றும்) வேலைக்கு வருகிறவன் அதில் ஏன் பாஸாக வேண்டும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டதற்கு, நான் கூட்டிப்போன ஒரு பையன், ஆர்.கே.கான் ஆஸ்பத்திரியில் பிறந்த நேரத்திலிருந்து ஆரம்பித்து, படித்த ஒவ்வொரு வகுப்பு டீச்சரையும் வரிசையாகச் சொல்லி, எட்டாம் வகுப்பு வருவதற்குள் இருபது நிமிஷம் போய்விட்டது. கேட்ட கேள்விக்கு அவன் உண்மையான பதிலைத்தான் சொன்னான்! அவர்கள் எடுக்கவில்லை. அடுத்த இடத்தில் நான் முன்கூட்டியே பேசி, நூறு இன்வாய்ஸைக் கையில் கொடுத்து ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைக்கச் சொன்னேன். மதியத்துக்குள் முடித்துவிட்டு, அதில் இரண்டு இன்வாய்ஸில் வாட் கணக்கு தப்பு என்று எடுத்து வைத்தான். அங்கேதான் இன்னும் வேலை பார்க்கிறான்.

இது நான் கண்டுபிடித்ததில்லை. "முதலில் வேலையில் வை, அப்புறம் அங்கேயே பழக்கு" என்ற முறை அமெரிக்காவில் 1980-களில் வேரூன்றியது, 1986-இல் அங்கே சட்டத்திலேயே ஏறிவிட்டது. அதுவரை எல்லா இடத்திலும் தலைகீழாக இருந்தது: பயிற்சி மையத்தில் வருஷக்கணக்காக உட்காரவைத்துத் "தயாரானதும்" அனுப்புவோம் என்பார்கள், அந்தத் தயாராகும் நாள் வரவே வராது. சின்சினாட்டி குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்றில் 1996-இல் தொடங்கிய 'ப்ராஜெக்ட் சர்ச்' என்ற திட்டத்தில், ஊனமுள்ள இளைஞர்கள் ஒரு வருஷம் முழுக்க ஒரே நிறுவனத்துக்குள் மூன்று வெவ்வேறு வேலைகளைச் செய்து பழகுகிறார்கள். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு இது ஏன் ஒத்துப்போகிறது என்றால், ஓர் இடத்தில் கற்றதை இன்னோர் இடத்துக்கு மாற்றிப் போட்டுக்கொள்வது பலருக்குக் கஷ்டம். பயிற்சி மையத்து ஸ்கேனரில் கற்றது கிடங்கின் ஸ்கேனரில் உதவாமல் போகும். எந்த இடத்தில் செய்யப் போகிறானோ அந்த இடத்திலேயே கற்றுக்கொள்ள வேண்டும்.

சீ.வி.யில் (பயோடேட்டாவில்) போட ஒன்றுமில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். உங்கள் பக்கத்துக் கோயில் சமையல்கட்டில் கேளுங்கள். புரட்டாசி வந்தால் அங்கே கை பத்தாது. சனிக்கிழமை காலை ஆறிலிருந்து ஒன்பது வரை காய் நறுக்கினான், தட்டு எண்ணி அடுக்கினான், மூன்று மாதம் ஒரு நாளும் தவறவில்லை என்று கோயில் செயலாளர் ஒரு கடிதம் எழுதிக்கொடுத்தால், அது எந்த சர்டிஃபிகேட்டுக்கும் குறைந்ததில்லை. மேளச்சத்தம் ஆகாதென்றால் பூசை நேரத்துக்கு முன்பே கிளம்பிவிடட்டும்.

*பேரனுக்குப் போன மாதம் 18 ஆனது, கேர் டிபெண்டென்சி கிராண்ட் (ஊனமுள்ள பிள்ளைக்கு அரசு தரும் உதவித்தொகை) நின்றுவிட்டது. இப்போது ஒரு கம்பெனி லேர்னர்ஷிப் (வேலையோடு சேர்ந்த பயிற்சி) தருகிறோம் என்கிறது. வேலைக்கு அனுப்பினால் இனிமேல் கிராண்டே கிடைக்காது, வீட்டிலேயே வைத்துக்கொள் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். பயமாக இருக்கிறது.*
— ஓர் ஆயா, ஃபீனிக்ஸ்

ஆயா, 18 ஆனதும் அந்தக் கிராண்ட் நிற்பது சட்டப்படிதான், உங்கள் பேரனுக்கு மட்டும் நடந்ததில்லை. அதற்குப் பதில் ஊனமுள்ள பெரியவர்களுக்கான டிஸெபிலிட்டி கிராண்ட் இருக்கிறது, 18-லிருந்து 59 வயது வரை. ஆனால் தானாக மாறாது, அரசு உதவித்தொகைகளைக் கொடுக்கும் சாசா ஆபீஸில் புதிதாக மனுப் போட வேண்டும், மருத்துவப் பரிசோதனை உண்டு. மனு ஏற்கப்பட்டால் மனுப் போட்ட தேதியிலிருந்து கணக்கு, அதனால் தள்ளிப்போடாதீர்கள். மறுத்தால் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

இப்போது வேலை விஷயம். அந்தக் கிராண்டுக்கு அவர்கள் முக்கியமாகப் பார்ப்பது இரண்டு: வேலை செய்து தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாத நிலையா, வருமானம் வரம்புக்குள் இருக்கிறதா. லேர்னர்ஷிப்பில் மாதா மாதம் தரும் பணத்தையும் மறைக்கக் கூடாது, பின்னால் தெரிந்தால் வாங்கியதைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், கம்பெனி தரும் கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு சாசாவுக்குப் போய், "இந்தத் தொகை வந்தால் கிராண்ட் என்ன ஆகும்" என்று கேட்டு, யார் சொன்னார், என்று சொன்னார் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்தில் கேட்காதீர்கள்.

லேர்னர்ஷிப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரும்பாலும் 12 மாதம். பிள்ளை, முதலாளி, பயிற்சி தருகிறவர் என்று மூன்று பேர் கையெழுத்துப் போடும் ஒப்பந்தம், முடிவில் அங்கீகரிக்கப்பட்ட ஒரு தகுதிச் சான்று வர வேண்டும். நல்ல விஷயம்தான். ஆனால் பீஈஈ என்ற அரசுத் திட்டத்தில் கம்பெனிக்குக் கிடைக்கும் புள்ளிக்காகப் பிள்ளைகளைச் சேர்த்து, ஒரு ஹாலில் உட்காரவைத்து, வேலையிடத்தின் வாசலைக்கூடக் காட்டாமல் 12 மாதம் கழித்து வீட்டுக்கு அனுப்புகிற கம்பெனிகளையும் பார்த்திருக்கிறேன். ஒரு பெண் வரிசையாக நாலு லேர்னர்ஷிப் முடித்துவிட்டாள், நாலு சான்றிதழ், ஒரு வேலை இல்லை. அதனால் இரண்டே கேள்வி கேளுங்கள்: வாரத்தில் எத்தனை நாள் வேலையிடத்தில் இருப்பான்? போன வருஷம் முடித்தவர்களில் எத்தனை பேரை நீங்களே வேலைக்கு வைத்துக்கொண்டீர்கள்? பதில் மழுப்பலாக வந்தால் புரிந்துகொள்ளுங்கள். ஆனாலும், வீட்டிலேயே வைத்துக்கொள் என்பதைவிட அந்த ஹால்கூடத் தேவலை. காலையில் எழுந்து குளித்து ஓர் இடத்துக்குப் போகிற பழக்கமாவது வரும்.

*டவுனில் மசாலாக் கடை வைத்திருக்கிறேன், ஆறு பேர் வேலை. தெரிந்தவர் தன் மகளை (20 வயது, ஆட்டிசம்) எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். மறுக்க மனசில்லை, ஆனால் தர்மத்துக்கு ஆள் வைக்கும் நிலையிலும் இல்லை. வாடிக்கையாளரிடம் ஏதாவது பேசிவிட்டால்?*
— ஒரு கடைக்காரர், டர்பன்

தர்மத்துக்கு வைக்காதீர்கள் ஐயா. தர்மத்துக்கு வைத்த ஆளை மூன்றாம் மாதம் யாரும் விரும்பமாட்டார்கள், அந்தப் பெண்ணுக்கும் அது தெரிந்துவிடும்.

உங்கள் கடையில் என்னென்ன வேலை நடக்கிறது என்று ஒரு நாள் நின்று பாருங்கள், கவுன்டரை விட்டுவிட்டு. பின்பக்கத்தில் 'மாமியார் மசாலா' என்கிற காரப் பொடியை 200 கிராம் பொட்டலமாக எடை போடுவது, ஒட்டுவது, லேபிளில் தேதி அடிப்பது, பழைய சரக்கை முன்னால் தள்ளிப் புதியதைப் பின்னால் வைப்பது. இதையெல்லாம் இப்போது யார் செய்கிறார்கள்? கவுன்டரில் ஆள் இல்லாதபோது ஓடிவந்து யாரோ அவசரத்தில் செய்கிறார்கள், சில பொட்டலம் 190 இருக்கும், சிலது 215. இந்தச் சில்லறை வேலைகளை ஒன்றாகச் சேர்த்து ஓர் ஆளுக்கான வேலையாக்கலாம். ஒரே மாதிரி வேலையில் ஒரே மாதிரி கவனம் வைக்கிற பிள்ளையாக இருந்தால் உங்களுக்குத்தான் லாபம். எல்லா ஆட்டிசம் பிள்ளையும் அப்படி என்று சொல்லமாட்டேன். எடை போடுவது அலுத்துப்போய் ஆட்களோடு பேசிக்கொண்டே இருக்க ஆசைப்படும் பெண்ணையும் எனக்குத் தெரியும். இரண்டு நாள் சம்பளம் கொடுத்து வரச்சொல்லிப் பாருங்கள். மிளகாய் நெடி ஒத்துக்கொள்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம், சிலருக்கு வாசனைதான் பெரிய தடை.

பண விஷயம்: பதிவு செய்த லேர்னர்ஷிப்பாக வைத்தால், வருமான வரிச் சட்டத்தின் 12எச் பிரிவில், ஊனமுள்ள ஒருவருக்கு அடிப்படைப் படிப்பு நிலைகளில் வருஷத்துக்கு 60,000 ராண்ட் வரை உங்கள் வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம், முடித்ததும் இன்னொரு தடவை. மற்றவர்களுக்கு அது 40,000. இந்தச் சலுகையை 2027 மார்ச் வரை நீட்டியிருக்கிறார்கள். அதோடு 18-லிருந்து 29 வயதுக்குள் இருப்பவரைக் குறைந்த சம்பளத்தில் புதிதாக வேலைக்கு வைத்தால், ஊழியர் சம்பளத்தில் பிடித்து நீங்கள் மாதா மாதம் கட்டும் 'பேயி' (PAYE) வரியில் குறைத்துக்கொள்ளும் சலுகை 2014-லிருந்து இருக்கிறது. கணக்கப்பிள்ளையிடம் கேளுங்கள், நிறையப் பேருக்கு இது தெரிந்தும் சோம்பேறித்தனத்தில் விட்டுவிடுகிறார்கள்.

*எங்கள் காலத்தில் ஆட்டிசமும் இல்லை, ஒன்றும் இல்லை. சொன்னபடி கேட்காத பிள்ளைக்கு இரண்டு வைத்தால் சரியாகிவிடும். இப்போது எல்லாவற்றுக்கும் ஒரு பெயர்.*
— ஒரு தாத்தா, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பெயர் வந்தே நாளாகிறது தாத்தா. பால்டிமோரில் லியோ கானர் என்ற டாக்டர் 1943-இல் பதினோரு பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் இந்தப் பேச்சே ஆரம்பிக்கிறது. அதில் முதலாவதாக வரும் பையன் டொனால்ட் ட்ரிப்லெட், மிசிசிப்பி மாநிலத்துக்காரர். அவர் வளர்ந்து தன் ஊர் வங்கியிலேயே வேலைக்குச் சேர்ந்து, அறுபது வருஷத்துக்கு மேல் அங்கேயே இருந்தார். கார் ஓட்டினார், கோல்ஃப் ஆடினார், தனியாக ஊர் ஊராகச் சுற்றினார், 2023-இல் 89 வயதில் இறந்தார். அந்த வங்கி அவருடைய அம்மா வீட்டாருடையது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நீங்களே கேட்பீர்கள். சொந்தத்தில் வங்கி இல்லாத பிள்ளைகளுக்குத்தான் இந்த இதழ் முழுக்க எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் காலத்திலும் இருந்தார்கள். தோட்டத்தில் யாரோடும் பேசாமல் ஒரே வரிசையை நாள் முழுக்கக் களை எடுத்த ஒரு சித்தப்பாவாவது உங்கள் குடும்பத்திலும் இருந்திருப்பார். அடித்துச் சரியானவர் யார் என்று மட்டும் அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

*ஊனமுள்ளவர்களுக்கு வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி ஓர் ஏஜென்சி பதிவுக்கு 850 ராண்ட் கேட்கிறது. கட்டலாமா?*
— வெருலம்

கட்டாதீர்கள். வேலை தேடுகிறவரிடம் பணம் வாங்கக் கூடாது என்று 2014 வேலைவாய்ப்புச் சேவைச் சட்டம் சொல்கிறது. தொழிலாளர் துறை ஆபீஸில் பதிவு இலவசம். அந்தத் துறையின் கீழ் 1943-லிருந்து ஊனமுள்ளவர்களுக்கென்றே தொழிற்கூடங்கள் நடக்கின்றன, டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் உண்டு, மேசை நாற்காலி, துணிமணி எல்லாம் செய்கிறார்கள். வெளி வேலை கொஞ்சமும் ஒத்துவராத பிள்ளைக்கு அங்கே கேட்டுப் பார்க்கலாம். டர்பனில் 'ஆக்‌ஷன் இன் ஆட்டிசம்' அமைப்பும் இருக்கிறது, முதலில் அவர்களிடம் பேசுங்கள்.

*எனக்கு 24 வயது. 19 வயதில்தான் ஆட்டிசம் என்று தெரிந்தது. டர்பனுக்கு வடக்கே ஒரு கிடங்கில் வேலை, ஆறு மாத ப்ரொபேஷனில் நாலாவது மாதம். வேலை பிடிக்கிறது, பிக்கிங்கில் (ஆர்டருக்குச் சரக்கு எடுப்பதில்) என் தப்பு ரொம்பக் குறைவு. ஆனால் நாள் முழுக்க ரேடியோ அலறுகிறது, ஃபோர்க்லிஃப்ட் பீப் சத்தம் தலைக்குள் போகிறது. சூப்பர்வைசர் "கொஞ்சம் அனுசரித்துப் போ" என்கிறார், எதை என்று சொல்வதில்லை. போன வாரம் "நீ டீமோடு ஒட்டவில்லை" என்றார். மதியம் எல்லோரும் ஒன்றாக உட்காருவார்கள், எங்கே உட்காருவது என்று தெரியாமல் கழிப்பறையில் சாப்பிடுகிறேன். அவர்கள் அனுப்புவதற்கு முன் நானே விலகிவிடட்டுமா?*
— டோங்காட்

விலகாதீர்கள் தம்பி. ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. நீங்களே கடிதம் கொடுத்து விலகினால், அநியாயமாக நீக்கினார்கள் என்று பிறகு கேட்பது மிகவும் கஷ்டம்.

ப்ரொபேஷன் என்றால் இஷ்டத்துக்கு அனுப்பலாம் என்று பல முதலாளிகள் நினைக்கிறார்கள். நம் சட்டம் அப்படி இல்லை. எதில் குறை என்று சொல்ல வேண்டும், சரிசெய்ய வழிகாட்ட வேண்டும், அவகாசம் தர வேண்டும். "ஒட்டவில்லை" என்று மட்டும் சொன்னால் போதாது, எதைச் செய்தால் ஒட்டும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் சூப்பர்வைசரிடம் எழுத்தில் கேளுங்கள்: "என் வேலையில் எந்த இரண்டு அல்லது மூன்று விஷயம் மாற வேண்டும்? எந்தத் தேதிக்குள்?" சண்டை போடுகிற தொனி வேண்டாம். அதே மெயிலில், உங்களுக்கு ஆட்டிசம் இருப்பதையும், சத்தத்துக்கு நீங்கள் கேட்கும் வசதியையும் எழுதுங்கள். காது மூடி போட அனுமதி, ஆனால் ஃபோர்க்லிஃப்ட் ஓடும் இடத்தில் வண்டி வருவது தெரிந்தாக வேண்டும், அதனால் சத்தத்தை முழுக்க அடைக்காமல் குறைக்க மட்டும் செய்யும் வகையைக் கேளுங்கள். இல்லையென்றால் ரேடியோவுக்குத் தூரமான வரிசை. ஊனம் பற்றி ஊழியரே நிரப்பித் தரும் ஈஈஏ1 படிவம் ஹெச்ஆரில் இருக்கும், அதையும் கேட்டு வாங்குங்கள். 2025 ஜனவரி 1 முதல் சட்டத்தில் ஊனம் என்பதன் விளக்கத்தையே விரித்திருக்கிறார்கள், உடல், மனம் என்று மட்டும் இருந்ததில் இப்போது அறிவு, புலன் சார்ந்த குறைகளும் பெயர் சொல்லி வந்துவிட்டன. சத்தம் உங்களை என்ன செய்கிறது என்பதைக் கூச்சப்படாமல் எழுதலாம்.

அப்புறம், சூப்பர்வைசரைக் கொஞ்சம் நல்லவிதமாகவும் நினைத்துப் பாருங்கள். அவர் கெட்டவராக இருக்க வேண்டும் என்று இல்லை. எழுதாத விதிகளை எழுதிக்கொடுக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான். என் தம்பி மகன் கதையைக் கேளுங்கள். ஒரு பேக்கிங் வேலையில் முதல் நாள். "பத்து மணிக்கு டீ" என்றார்கள். சரியாகப் பத்து மணிக்கு, பெல்ட் ஓடிக்கொண்டிருக்க, பாதி மூடிய பெட்டியை அப்படியே விட்டுவிட்டு டீக்குப் போய்விட்டான். பின்னால் பெட்டிகள் ஒன்றின் மேல் ஒன்று முட்டிக் கீழே விழுந்தன. திமிர் என்று எழுதி வைத்தார்கள். அன்று மதியம், "இங்கேயே நில், ஒரு நிமிஷத்தில் வருகிறேன்" என்று சொல்லிப்போன ஆள் மறந்துவிட்டார், இவன் நாற்பது நிமிஷம் அதே இடத்தில் நின்றான். அதற்குச் சோம்பேறி என்று எழுதினார்கள். இரண்டிலுமே அவன் சொன்னதைச் செய்திருந்தான்!

மறுநாள் நான் போய் ஒரு அட்டையில் எழுதி அவன் இடத்துக்கு மேலே ஒட்டினேன். "பத்து மணி ஆனதும் கையில் இருக்கும் பெட்டியை மூடி முடி. பக்கத்து ஆளிடம் 'டீக்குப் போகிறேன்' என்று சொல். பத்தே கால் மணிக்குத் திரும்பு. யாராவது காத்திரு என்று சொல்லி ஐந்து நிமிஷம் ஆகியும் வராவிட்டால், உன் வேலைக்குத் திரும்பிப் போ." அந்த அட்டைக்குப் பிறகு டீ விஷயத்தில் ஒரு புகார் இல்லை. வேடிக்கை என்னவென்றால், புதிதாகச் சேர்ந்த மற்றவர்களும் அதைப் பார்த்துத்தான் டீக்குப் போனார்கள்.

உங்களுக்கும் அப்படி ஓர் அட்டை வேண்டும், அதை எழுதித் தர உள்ளே ஓர் ஆள் வேண்டும். சூப்பர்வைசராக இருக்க வேண்டாம். பக்கத்து வரிசையில், கேட்டால் எரிந்து விழாமல் பதில் சொல்கிற ஒருவர் யார் என்று யோசியுங்கள், எல்லா இடத்திலும் அப்படி ஓர் அண்ணனோ ஆன்டியோ இருப்பார்கள். "இவர் என்னிடம் சொன்னால் எனக்குப் புரிகிறது, புது வேலை எதுவானாலும் இவர் வழியாகச் சொல்ல முடியுமா" என்று ஹெச்ஆரிடம் கேளுங்கள். பணச் செலவில்லாத வசதி, மறுக்கக் காரணம் தேட வேண்டியிருக்கும்.

வீட்டிலிருந்து கிடங்கு வரையிலான வழியும் வேலையில் சேர்த்திதான். மினிபஸ் டாக்ஸியில் முன் ஸீட்டில் உட்காராதீர்கள், பின்னாலிருந்து வரும் காசை வாங்கி எண்ணிச் சில்லறை பிரிக்கும் வேலை உங்கள் தலையில் விழும், எட்டு மணிக்கே களைத்துவிடுவீர்கள். (எனக்குத் தெரிந்த ஒரு பையனுக்கு மட்டும் அதுதான் நாளிலேயே பிடித்த நேரம், டிரைவர்கள் அவனுக்காக முன் ஸீட்டைப் பிடித்து வைப்பார்கள்.) டாக்ஸி ஸ்ட்ரைக் நாளில் யாருக்கு ஃபோன் செய்வது, என்ன சொல்வது என்பதையும் முன்பே எழுதி ஃபோனில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதிரி நாளில் வாக்கியம் தானாக வராது.

இத்தனைக்கும் பிறகு நீக்கினார்கள் என்றால், நீக்கிய நாளிலிருந்து 30 நாளுக்குள், வேலைத் தகராறுகளைத் தீர்க்கும் சிசிஎம்ஏ அமைப்பில் மனுப் போட வேண்டும், செலவில்லை. நீக்கியதைப் பற்றி இல்லாமல், வேலையில் இருக்கும்போது ஊனத்தைக் காரணமாக வைத்துப் பாகுபாடு செய்தார்கள் என்ற புகாராக இருந்தால் ஆறு மாதம் வரை நேரம் உண்டு. மெயில்களை அழிக்காதீர்கள், உங்கள் பிக்கிங் தப்புக் கணக்கு காட்டும் தாளை இப்போதே ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

லஞ்ச் விஷயம். எல்லோரோடும் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனால் இனிமேல் கழிப்பறையில் சாப்பிடாதீர்கள் தம்பி. ஐந்து மணி நேர வேலைக்குள் இடைவேளை தர வேண்டும் என்பதுதான் சட்டம், அதற்குள் எப்போது என்பதைப் பேசிக்கொள்ளலாம். மற்றவர்கள் போய் வந்த பிறகு, அரை மணி பின்னால் எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டுப் பாருங்கள். கேன்டீன் காலியாக இருக்கும், ரேடியோவை நீங்களே அணைக்கலாம், மைக்ரோவேவுக்கு வரிசையும் இருக்காது.